பார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு பைலைத் தேடுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை முழுக்க என் பொறுப்பு. ஏற்றுமதி மெயில், வாரச் சம்பளம் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஆபீஸ் 2016 இருக்கிறது. கம்பெனி பெயரில் உள்ள மெயிலை அவுட்லுக்கில் பார்க்கிறோம். கொஞ்ச நாளாக, டேட்டா பைல் அதிகபட்ச அளவை எட்டிவிட்டது என்று செய்தி வருகிறது. பழையதைக் கொஞ்சம் அழித்தால்தான் புது மெயில் இறங்குகிறது. சாம்பிள் படங்களோடு அனுப்பும் மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. சம்பளப் பட்டியலை பேங்க் தளத்தில் ஏற்றினால் சிலருக்கு மட்டும் பணம் திரும்பி வருகிறது; பெரும்பாலும் ஒரே பேங்க்காரர்கள். என் எக்செல் ஷீட்டில் எண்கள் சரியாகவே இருக்கின்றன. இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பும் தமிழ் நோட்டீஸ் அங்கே கிறுக்கலாகத் தெரிகிறதாம். ஜெர்மனி பையர் ஒருவரின் மெயில் மட்டும் வருவதே இல்லை. சர்வீஸ் செய்பவர், "ஆபீஸ் கரப்ட் ஆகிவிட்டது, சனிக்கிழமை வந்து பார்மட் போட்டுப் புதுசாக ஏற்றித் தருகிறேன்" என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சம்மதிக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை நிச்சயம் வேண்டாம். இந்தப் பதில் வெளியாக நாளாகும் என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் முன்கூட்டியே உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். காரணத்தை இங்கே சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய ஐந்துக்கும் காரணம் ஒன்றே என்று சர்வீஸ்காரர் நினைக்கிறார். ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்று மெயில் சேர்ந்து கிடக்கும் பைலில் இருக்கிறது, ஒன்று சர்வரில், ஒன்று படங்களின் எடையில், ஒன்று எக்செல்லின் சுபாவத்தில், ஒன்று எழுத்துருவில். பார்மட் போட்டால் முதல் எரர் செய்தி மட்டும் மறையும். அதுகூட, பழைய மெயில் அத்தனையும் போய்விடுவதால் மறையும்.

மெயில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் என்று போனால் முதல் தாவலிலேயே உங்கள் மெயில் ஐடிக்குப் பக்கத்தில் 'பாப்' என்றோ 'ஐமேப்' என்றோ போட்டிருக்கும். உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால் பாப் என்றே தோன்றுகிறது. ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நகல். பாப் அப்படியில்லை. தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைத் தபால் ஆபீஸில் போய்க் கேட்க முடியாதல்லவா, அதுபோலத்தான். அவுட்லுக் மெயிலை இறக்கிக்கொண்டதும், செட்டிங்கைப் பொறுத்து, சர்வரில் இருப்பதை உடனேயோ 14 நாள் கழித்தோ அழித்துவிடும்.

இதைச் சோதிக்க வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ பிரவுசரைத் திறந்து, உங்கள் மெயிலை நடத்தும் ஹோஸ்டிங் கம்பெனியின் வெப்மெயிலில் நுழையுங்கள். கடைசி இரண்டு வார மெயில் மட்டும் தெரிகிறதா? அப்படியானால் அதற்கு முந்தைய ஆர்டர், டெக் பேக் (உடையின் அளவு, வடிவமைப்பு விவரம்), பேக்கிங் லிஸ்ட், விலை பேசிய வாதம் எல்லாமே உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள், ஒரே ஒரு பைலில்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. இந்த வெப்மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி மறுபடி தேவைப்படும்.

அந்தப் பைலுக்கு பிஎஸ்டி என்று பெயர். அதே அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'டேட்டா பைல்ஸ்' தாவலுக்குப் போய், பைலைத் தேர்ந்தெடுத்து, 'ஓப்பன் பைல் லொகேஷன்' என்பதை அழுத்தினால் அது இருக்கும் போல்டர் திறக்கும். இந்த இடத்தைச் சர்வீஸ்காரருக்கும் காட்டுங்கள். "பேக்கப் எடுத்துவிட்டுத்தானே பார்மட் போடுவேன்" என்று அவர் சொல்வார், பொய்யாகச் சொல்லமாட்டார். ஆனால் பொதுவாக அவர்கள் எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ். அவுட்லுக் 2010-க்குப் பிறகு புதிதாக உருவாக்கிய பாப் பைல் என்றால் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் பைல்ஸ்' என்ற போல்டரில் இருக்கும், பிழைத்துக்கொள்ளும். 2007 காலத்திலிருந்து அப்கிரேட் ஆகிக்கொண்டே வந்த கம்ப்யூட்டரில் அது 'ஆப்டேட்டா' என்ற மறைந்த போல்டருக்குள் கிடக்கும். விண்டோஸ் அந்தப் போல்டரைச் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது. பேக்கப் எடுத்தேன் என்று அவர் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள், திங்கட்கிழமை பையர் பழைய ஆர்டர் நம்பர் ஒன்றைக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. அவுட்லுக்கை முழுக்க மூடிவிட்டு, அந்தப் பைலை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். 64 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் 'பைல் மிகப் பெரியது' என்று மறுத்தால் டிரைவ் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஃபாட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒரு தனிப் பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவில் வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று மாற்றிக்கொண்டால் போதும். பார்மட் போட்டே ஆகவேண்டும் என்றால், இங்கே மட்டும் போடலாம்.

இனி எரர் செய்திக்கு வருவோம். அது பழுதே இல்லை. பிஎஸ்டி பைலுக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் உச்சவரம்பு உண்டு. அவுட்லுக் 2002 வரை 2 ஜிபி. அதை நெருங்கினால் பைலே கெட்டுப்போகும், அந்தக் காலத்தில் அதனால் பலருடைய மெயில் பாழானது. 2003-லும் 2007-லும் 20 ஜிபி. 2010 முதல் 50 ஜிபி. வரம்புக்குச் சற்று முன்பே, சுமார் 47 ஜிபியில், அவுட்லுக் புதிதாக எதையும் சேர்க்க மறுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் பழையதை அழித்தால் கொஞ்சம் இறங்குவதும், மறுபடி நிற்பதும் அதனால்தான். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றி வரம்பை உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முடியும்தான். ஆனால் ஒரே பைல் வீங்கிக்கொண்டே போனால் அவுட்லுக் தவழும், ஒருநாள் கரண்ட் போய்க் கெட்டால் மொத்தமும் கெடும்.

சரியான வழி பைலைப் பிரிப்பது. ஹோம் தாவலில் நியூ ஐட்டம்ஸ், மோர் ஐட்டம்ஸ், அவுட்லுக் டேட்டா பைல் என்று போய், டி டிரைவில் '2020 வரை' என்பதுபோல ஒரு புதுப் பைல் உருவாக்குங்கள். இடது பக்கம் அது தனிப் பெட்டியாகத் தெரியும். பழைய மெயிலைத் தேதிவாரியாக அடுக்கி, ஆயிரம் ஆயிரமாகத் தேர்ந்தெடுத்து அதற்குள் இழுத்துப் போடுங்கள். ஒரேயடியாக மொத்தத்தையும் இழுத்தால் நடுவில் திணறி நின்றுவிடும். சென்ட் ஐட்டம்ஸை மறக்கவேண்டாம். பல ஆபீஸ்களில் பாதி எடை அங்கேதான், நாமே அனுப்பிய படங்கள். தேவையில்லாததை அழிக்கும்போது ஷிப்ட் விசையோடு டெலீட் அழுத்துங்கள். வெறும் டெலீட் செய்தால் அது டெலீட்டட் ஐட்டம்ஸுக்குப் போகும், அதுவும் அதே பைலுக்குள்தான்.

இவ்வளவும் செய்தபின் பைலின் அளவைப் பார்த்தால் ஒரு ஜிபிகூடக் குறைந்திருக்காது. பதற வேண்டாம். காலியான இடத்தை அவுட்லுக் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு புது மெயிலுக்குப் பயன்படுத்தும். அளவும் குறையவேண்டும் என்றால் டேட்டா பைல்ஸ் தாவலில் செட்டிங்ஸுக்குள் 'காம்பாக்ட் நவ்' என்று இருக்கிறது. இவ்வளவு பெரிய பைலுக்குப் பல மணி நேரம் ஓடும். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது யூபிஎஸ் இருக்கும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போங்கள். இதற்கிடையில் அவுட்லுக் திறக்கும்போதே தொங்கினால், ஆபீஸ் இருக்கும் போல்டரிலேயே 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற பழுதுபார்க்கும் கருவி உண்டு. நகலை வைத்துக்கொண்டு அதை ஓட்டலாம். பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டவேண்டியிருக்கும்.

இது ஒரு பக்கம் முடிந்ததும் சர்வீஸ்காரரை வரச் சொல்லுங்கள். ஆபீஸ் உண்மையாகவே கெட்டிருக்கிறது என்று அவர் கருதினால், கன்ட்ரோல் பேனலில் ஆபீஸைத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச்' கொடுத்தால் குயிக் ரிப்பேர், ஆன்லைன் ரிப்பேர் என்று இரண்டு வழி வரும். இரண்டுமே பிஎஸ்டியைத் தொடாது. அவர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆபீஸ் 2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவது 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. ஆகவே மாற்றவேண்டியதுதான். ஆனால் பணம் கட்டி, பில்லோடு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம் ஆபீஸ்' ஏற்றித் தருகிறேன், அதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று சொல்லும் ஆளிடம் ஏற்றுமதிக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரை ஒப்படைக்காதீர்கள்.

அடுத்து, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் விஷயம். ஒரே ஒரு பையரின் மெயில் மட்டும் வருவதில்லை. எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். பாப் முறையில் அவுட்லுக் சர்வரின் இன்பாக்ஸை மட்டுமே இறக்கும். சர்வரே ஒரு மெயிலை ஸ்பேம் என்று ஒதுக்கினால் அது உங்கள் கம்ப்யூட்டருக்கு வராது, உங்கள் அவுட்லுக்கின் ஜங்க் போல்டரில் தேடினாலும் கிடைக்காது. வெப்மெயிலில் நுழைந்து ஸ்பேம் போல்டரைத் திறந்து பாருங்கள். ஜெர்மனிக்காரரின் மெயில் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தால், அவற்றை 'ஸ்பேம் இல்லை' என்று குறித்து, அவர் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விஷயம் முடிந்தது.

அங்கேயும் இல்லையென்றால் வெப்மெயில் செட்டிங்கில் ஃபில்டர், ஃபார்வர்டர் என்ற இரண்டு இடங்களையும் பாருங்கள். யாரும் அமைக்காத ஒரு விதி, அந்தப் பையரின் மெயிலை அழிக்கவோ வெளி முகவரி ஒன்றுக்குத் திருப்பவோ சொல்லியிருந்தால், உங்கள் பாஸ்வேர்ட் வேறொருவர் கையில் இருக்கிறது. ஏற்றுமதி வியாபாரத்தில் நடக்கும் மோசடி இப்படித்தான் தொடங்குகிறது. உள்ளே நுழைந்தவன் எதையும் கெடுக்கமாட்டான், வெறுமனே படித்துக்கொண்டிருப்பான். இன்வாய்ஸ் போய்ப் பணம் வரவேண்டிய நேரத்தில், உங்கள் முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறிய முகவரியிலிருந்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுவான். பையர் சந்தேகப்பட்டு உங்களிடம் கேட்டாலும் அந்தக் கேள்வி உங்களை வந்து சேராது.

அப்படி ஒரு விதி கண்ணில் பட்டால், அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பையரைப் போனில் கூப்பிடுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணை நம்பாமல், உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு. பணம் ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போயிருந்தால் பையர் தரப்பு பேங்குக்கு உடனே சொல்லவேண்டும், நீங்கள் இங்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியவேண்டும். விதி எதுவும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை என்றாலும் அந்தப் போன் கால் தேவை. அவருக்கு நம் மெயில் வருகிறதா, எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று எழுத்தெழுத்தாகக் கேட்டுவிடுங்கள்.

அவுட்பாக்ஸ் விஷயம் எளிது. கீழே நிலைப்பட்டையில் 'ஒர்க்கிங் ஆஃப்லைன்' என்று இருந்தால் யாரோ தெரியாமல் அழுத்திவிட்டார்கள். சென்ட்/ரிசீவ் தாவலில் அதை எடுத்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால் காரணம் எடை. 18 எம்பி படம் இணைத்தால் 18 எம்பிதான் போகிறது என்று நினைக்கிறோம். மெயில் என்பது வெறும் எழுத்துகளை அனுப்பப் பிறந்த முறை. படத்தையும் எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். அப்படி மாற்றும்போது மூன்று பங்கு நான்கு பங்காகிவிடும். 18 எம்பி வழியில் 24 எம்பி. அவுட்லுக் தன் பக்கம் 20 எம்பி வரை இணைக்கவிடும், ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்பும், உங்கள் ஹோஸ்டிங் கம்பெனி எவ்வளவு விடுகிறது என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். 10 எம்பியைத் தாண்டினால் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள். படம் மட்டும்தான் என்றால், மெயில் எழுதும் ஜன்னலில் ஃபைல், இன்ஃபோ போனால் 'அனுப்பும்போது பெரிய படங்களைச் சிறிதாக்கு' என்ற வசதி இருக்கிறது. துணியின் நிறம், தையல் பார்க்க அனுப்பும் படத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம், நுணுக்கம் போய்விடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அவுட்பாக்ஸில் அனுப்பத் தயாராக இருக்கும் மெயில் சாய்ந்த எழுத்தில் தெரியும். ஏன் போகவில்லை என்று அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் எழுத்து நேராகிவிடும். அதன் பிறகு அது போகவே போகாது. மறுபடி திறந்து சென்ட் அழுத்தினால்தான் போகும். சிக்கிய பெரிய மெயிலை எடுக்க முடியவில்லை என்றால், ஆஃப்லைனுக்கு மாற்றி, அவுட்லுக்கை மூடித் திறந்து, அதை டிராஃப்ட்ஸுக்கு இழுத்துவிடுங்கள். பின்னால் நிற்கும் சின்ன மெயில்களும் அப்போதுதான் நகரும்.

இனி சம்பளம். ஷீட்டில் எண் சரி, பேங்குக்குப் போனதில் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், சரியா பாருங்கள். மாஸ்டர் ஷீட்டில் கணக்கு எண்கள் 'டெக்ஸ்ட்' ஆக இருக்கின்றன. பேங்க் கேட்பதால் அதை சிஎஸ்வி பைலாக சேவ் செய்கிறீர்கள். அந்த நிமிடம் வரை எல்லாம் சரி. ஏற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்கிறீர்கள். எண்களெல்லாம் 1.23-க்குப் பிறகு ஆங்கில 'ஈ', '+15' என்று சுருங்கித் தெரிகின்றன. அந்த நிரலை (மேலிருந்து கீழாகப் போகும் வரிசையை) தேர்ந்தெடுத்து 'நம்பர்' என்று மாற்றுகிறீர்கள். முழு எண்ணும் தெரிகிறது. திருப்தியாக சேவ் செய்து ஏற்றுகிறீர்கள்.

சரிபார்க்கத் திறந்ததே கெடுத்துவிட்டது. சிஎஸ்வி வெறும் எழுத்துப் பைல். எந்த நிரல் டெக்ஸ்ட், எந்த நிரல் எண் என்ற குறிப்பு அதில் கிடையாது. திறக்கும்போது எக்செல் தானாகவே முடிவு செய்கிறது. எண் என்று முடிவு செய்துவிட்டால் 15 இலக்கம் வரைதான் அதற்கு நினைவு. 16-வது இலக்கம் எதுவாக இருந்தாலும் 0 ஆகிவிடும். அதனால்தான் ஒரே பேங்க்காரர்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியைப் போல 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் மாட்டிக்கொள்ளும். ஸ்டேட் பேங்கின் 11 இலக்கம் தப்பிக்கும். அதே பேங்கில் ஓரிருவருக்கு மட்டும் சம்பளம் ஒழுங்காகப் போயிருந்தால் அவர்கள் எண் இயல்பாகவே 0-வில் முடிகிறதா என்று பாருங்கள். 0-வில் தொடங்கும் எண் என்றால் முன்னால் இருக்கும் 0 உதிர்ந்துவிடும், அதுவும் திரும்பும்.

பணம் திரும்பி வந்ததே நல்லது. பேங்க் விட்டு பேங்க் பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவு வைப்பார்கள், பெயரை ஒத்துப்பார்ப்பதில்லை. 0-வில் முடியும் அந்த எண் வேறொருவருக்கு உண்மையிலேயே இருந்திருந்தால் சம்பளம் அவருக்குப் போயிருக்கும்.

இனி சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கவே வேண்டாம். பார்க்கவேண்டும் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். பேங்கோ பிஎஃப் கன்சல்டன்ட்டோ சிஎஸ்வியாக அனுப்பி, அதை எக்செல்லில் எடுத்தே ஆகவேண்டும் என்றால், அதன் பெயரின் கடைசியில் இருக்கும் சிஎஸ்வியை டிஎக்ஸ்டி என்று மாற்றிவிட்டு எக்செல்லுக்குள்ளிருந்து திறங்கள். அப்போது நிரல் நிரலாகக் கேட்கும் ஜன்னல் ஒன்று வரும். மூன்றாவது கட்டத்தில் கணக்கு எண், ஆதார், யுஏஎன் (பிஎஃப் எண்) நிரல்களை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடலாம். புது ஆபீஸ் வாங்கினால் ஆப்ஷன்ஸில் 'டேட்டா' பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே அணைத்துவிடும் வசதி இருக்கிறது; 2023-ல்தான் மைக்ரோசாப்ட் அதைக் கொடுத்தது. அதற்குள் விஞ்ஞானிகளே பொறுமை இழந்துவிட்டார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் ஹியூகோ குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. நீங்கள் ஒருவர் மட்டும் ஏமாறவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

மாஸ்டர் ஷீட்டில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. கணக்கு எண் கட்டங்களின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும்; அதை அழுத்தினால் 'எண்ணாக மாற்று' என்று உதவிக்கு வரும். அழுத்தாதீர்கள், 16-வது இலக்கம் அங்கேயே போய்விடும். யாராவது அழுத்தி சேவ் செய்துவிட்டால் அந்த இலக்கம் பைலில் எங்கும் இருக்காது. பாஸ்புக்கைப் பார்த்துத்தான் திரும்ப அடிக்கவேண்டும். இன்னொன்று, ஒரே கணக்கு எண் இருவருக்குப் பதிவாகியிருக்கிறதா என்று, எண்ணிச் சொல்லும் எக்செல் சூத்திரமான கவுண்ட்இஃப் போட்டுப் பார்த்தால், டெக்ஸ்ட்டாக இருந்தாலும் அது எண்ணாகவே எடுத்து முதல் 15 இலக்கத்தை மட்டும் ஒப்பிடும். அடுத்தடுத்துக் கணக்குத் தொடங்கிய இரண்டு தையல்காரர்கள் ஒரே எண் வைத்திருப்பதாகக் காட்டும். அவர்களிடம் போய்ச் சண்டை போடாமல், பக்கத்து நிரலில் கணக்கு எண்ணுக்கு முன்னால் ஏதாவது ஓர் எழுத்தை ஒட்டி, அந்த நிரலில் கவுண்ட்இஃப் போடுங்கள்.

தமிழ் நோட்டீஸ்: நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துதான், தோற்றம் மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அவர்கள் ஒட்டிவைக்க மட்டும் வேண்டுமென்றால் வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக சேவ் செய்து அனுப்புங்கள், எழுத்துரு அதனுள்ளேயே போய்விடும். அவர்களும் திருத்தவேண்டும் என்றால், தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறவேண்டும். பழைய நோட்டீஸை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. விண்டோஸில் மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில ஒலியில் அடிக்கும் அஞ்சல் முறையும் கிடைக்கும். பாமினிக்குப் பழகிய விரலுக்கு ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும். பெயர்கள் தமிழில் இருக்கும் பட்டியலை எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக எடுக்கும்போது, வகைப் பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.